தேர்வு முடித்து ஏரிக்கரைக்குப் போகிறவர்கள்

மே மாதம் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரி நூலகங்களில் இரவு பகல் தெரியாது. இறுதித் தேர்வுக்குக் கண்விழிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு வந்ததும் வேறொரு வேலை காத்திருக்கிறது. ஏதோ ஓர் ஏரிக்கரை மரக்குடிலில் பத்துப் பன்னிரண்டு சிறுவர்களைக் கோடை முழுதும் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன்சலர் என்று பெயர்; வயது 19, 20 இருக்கும். அலுவலகப் பயிற்சிக்குப் போய் அனுபவம் சேர்க்காமல் முகாமில் பாட்டுப் பாடிக்கொண்டு இரண்டு மாதத்தை வீணாக்குகிறார்களே என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் அது வீண் அல்ல. கோடை முகாம் மரபு என்று அந்த நாடு கொண்டாடுவதெல்லாம் இந்தப் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது. அதை வேலையாக மதித்து, வேலைக்கு உரிய சம்பளமும் தர வேண்டும்.

1861இல் கனெக்டிகட்டில் பிரெடரிக் கன் என்ற ஆசிரியர் தம் மாணவர்களைக் கடலோரத்துக்கு அழைத்துப்போய்க் கூடாரம் போட்டார். அமெரிக்க முகாம்களின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு வந்த பாட்டுகளும் நெருப்பைச் சுற்றிச் சொல்லும் கதைகளும் நூல்வளை முடிச்சுகளும் வாய்வழியாக, கைவழியாகவே இறங்கி வந்தவை. பத்து வயதில் கற்றுக்கொண்டவரே இருபதில் திரும்பி வந்து கற்றுக்கொடுக்கிறார். கூடவே உயிர்காக்கும் பொறுப்பும் வருகிறது. ஏரியில் இறங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. கரையில் உள்ள பலகையில் பெயர்ச்சீட்டைத் தொங்கவிட்டுத்தான் இறங்கலாம். விசில் ஊதியதும் ஜோடிகள் கைகோத்து உயர்த்துகின்றன. கவுன்சலர் தலைகளை எண்ணிப் பலகையோடு ஒப்பிடுகிறார். ஒன்று குறைந்தாலும் ஏரியில் இருப்பவர் அனைவரும் கரையேற வேண்டும். இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்தபோது கேம்ப் மிஸ்டிக் முகாமில் சிறுமிகளும் கவுன்சலர்களுமாக 27 பேர் உயிரிழந்தார்கள். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் குடிலுக்குள் பிள்ளைகளோடு இருக்கப்போவது இந்தக் கல்லூரி வயதுக்காரர்தான்.

இத்தனை பொறுப்பு சுமப்பவருக்குச் சட்டம் கைகொடுப்பதில்லை. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம், ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்து விலக்கு அளிக்கிறது. கோடை முகாம்கள் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் வருகின்றன. 2009 முதல் உயராமல் நிற்கும் மணிக்கு 7.25 டாலர்கூட அங்கே கட்டாயமில்லை. தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறோமே என்பார்கள் முகாம் நடத்துவோர். உண்மைதான், ஆனால் செப்டம்பரில் கல்லூரிக் கட்டணத்தைச் சாப்பாட்டால் கட்ட முடியாது. வசதியில்லாத மாணவர் மனம் முகாமில் இருந்தாலும் கடைக்கோ கிடங்குக்கோதான் வேலைக்குப் போவார். சம்பளம் உயர்ந்தால் முகாம் கட்டணமும் உயர்ந்து ஏழைக் குழந்தைகள் வர முடியாமல் போகும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. அதற்கு வழி, குழந்தைகளுக்கு நிதியுதவி திரட்டுவது. கவுன்சலரின் உழைப்பை அந்த உதவித்தொகையாகக் கழித்துக்கொள்வது முறையல்ல.

மரபே பழுதானது, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1902இல் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் சிறுவர்களைச் சேர்த்து, செவ்விந்தியர் வாழ்வை முன்மாதிரியாக வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார். அந்த வழியில் பல முகாம்கள் பழங்குடிப் பெயர்களைச் சூட்டிக்கொண்டன, இறகுத் தலையணியை வேடப்பொருளாக்கின. அது தவறு, சில முகாம்கள் அதைக் கைவிட்டும் வருகின்றன. கைவிடுவதற்கும் ஆள் வேண்டும் அல்லவா? பழங்குடியினரின் நிலம் பறிபோன வரலாற்றை மே மாதத் தேர்வுத்தாளில் எழுதிய ஒரு மாணவி, ஜூலையில் ஒரு சிறுவனின் தலையில் அந்த இறகுகளைச் சூட்டத் தயங்குவாள்; அதற்குப் பதில் அந்த ஏரிக்கரையில் உண்மையில் வாழ்ந்தவர்கள் யார் என்று நெருப்பருகே சொல்வாள். அவள் அடுத்த கோடையிலும் வருவாளா, கடை வேலைக்குப் போய்விடுவாளா என்பது இந்த எட்டு வாரத்துக்கு அவள் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.