கம்பெனி ரேட் கேட்பவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். இரவு ஒன்பதரை இருக்கும். எனக்கு முன்னால் கவுன்டரில் நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் மருந்து கம்பெனியின் பெரிய பை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பகல் முழுக்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்களைப் பார்க்கக் காத்திருந்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

“கம்பெனி ரேட்ல புக் பண்ணியிருக்கேன் சார்.”

“ஐடி கார்டு காட்டுங்க தம்பி.”

ஆதாரை நீட்டினார்.

“இது வேணும்தான். கூட கம்பெனி ஐடியும் வேணும்.”

வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. மேனேஜருக்கு இரண்டு முறை போன் அடித்துப் பார்த்தார், எடுக்கவில்லை. 1,600 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த அறைக்கு அன்று 2,000 கட்டினார். வரியோடு சேர்த்தால் 420 ரூபாய் கூடுதல். ஆபீஸ் அந்த வித்தியாசத்தைத் தராவிட்டால் அவருடைய சம்பளத்திலிருந்துதான் போகும். வேலையில் சேர்ந்தபோது வந்த நியமனக் கடிதம் அவர் போனிலேயே மெயிலில் கிடந்திருக்கும். அதைத் திறந்து காட்டலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் அன்று தெரியவில்லை. அந்த 420 ரூபாய்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் ரயில் பிரிகிறது. திண்டிவனத்தில் சென்னை நெடுஞ்சாலையை விட்டுப் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை கிளைக்கிறது. அதனால் விதைக் கம்பெனிக்காரர், பூச்சிமருந்து விற்பவர், பேங்க் ஆடிட்டர், சிப்காட்டில் இயந்திரம் பொருத்த வரும் இன்ஜினியர் என்று வேலைக்காக வந்து ஓர் இரவு தங்கிப் போகிறவர்கள் இந்த இரண்டு ஊரிலும் இல்லாத நாள் கிடையாது. அவர்களில் பலருக்குக் கம்பெனி ரேட் உண்டு என்பது தெரியும். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கம்பெனி ரேட் என்பது முகம் பார்த்துக் குறைத்துக் கொடுக்கிற விலை இல்லை. கம்பெனிக்கும் ஓட்டலுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம் அது. ‘எங்கள் ஆட்கள் வருஷத்துக்கு இத்தனை இரவு உங்களிடம் தங்குவார்கள்’ என்று கம்பெனி சொல்கிறது, ‘அப்படியானால் இந்த விலை’ என்று ஓட்டல் ஒத்துக்கொள்கிறது. கவுன்டரில் நிற்கிற நாம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. போட்டவரின் ஆள் என்று காட்டினால்தான் விலை நமக்குச் சேரும். ஆதலால் ரிசப்ஷனில் கார்டு கேட்டால் அவமானம் என்று நினைக்கத் தேவையில்லை. அங்கே இருப்பவர், யாருக்கு எந்த விலையில் அறை கொடுத்தார் என்று தன் முதலாளிக்கு மறுநாள் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்த விலையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வருஷம் முழுக்க ஒரே தொகை. இன்னொன்று, அன்றைக்கு ஓட்டல் விற்கிற விலையில் இத்தனை சதவீதம் கழிவு. இரண்டாவது வகையில், கூட்ட நாளில் விலை ஏறும்போது கழிவு போனாலும் நாம் கட்டும் தொகை சாதாரண நாளைவிடக் கூடத்தான் செய்யும். முதல் வகையிலும் ஒரு விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: கடைசி அறை மிச்சம் இருக்கும்வரை அந்த விலைக்குத் தருவார்களா, கூட்டம் சேர்ந்தால் நிறுத்திவிடுவார்களா? ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும். சில நாட்களுக்கு இந்த விலை செல்லாது என்று தேதி குறிப்பதும் உண்டு.

விழுப்புரத்தில் அந்தத் தேதிகளைக் கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் போதும். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். அவர்கள் தங்குவதும், அழகிப் போட்டி நடத்துவதும் விழுப்புரத்தில்தான். அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பதே பெரிய காரியம். திருவண்ணாமலை கார்த்திகை தீபம், மேல்மலையனூர் அமாவாசை ஆகிய நாட்களிலும் கூட்டம் இந்தப் பக்கம் வழியும். அந்த நாட்களில் வேலைப் பயணம் வைக்காமல் இருந்தால் நல்லது. வைத்தே ஆக வேண்டும் என்றால், விலையை முன்னமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி அத்தாட்சி. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓட்டலுக்கு இரண்டு கேள்விகள் உண்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும். நீங்கள் யார் என்பது முதல் கேள்வி. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று அதற்குப் பதில். ஆதாரைக் கொடுக்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கி வைத்துக்கொள்ளலாம். முழு எண்ணையும் ஊர் ஊராக ஜெராக்ஸ் கொடுத்துக்கொண்டே போவது எனக்குச் சம்மதம் இல்லை. நீங்கள் எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஆதார் பதில் சொல்லாது.

படமும் பெயரும் உள்ள, காலாவதி ஆகாத கம்பெனி அடையாள அட்டை இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் லெட்டர்ஹெட்டில் கடிதம்: உங்கள் பெயர், பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த ஊருக்கு வேலையாக வருகிறீர்கள், கம்பெனியின் ஜிஎஸ்டி எண், கையெழுத்து, முத்திரை, பேசுவதற்கு ஒரு போன் எண். அதுவும் இல்லையா, நியமனக் கடிதம். அல்லது கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்தே ஓட்டலுக்கு ஒரு மெயில் அனுப்பச் செய்வது. சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் எடுபடாது. விசிட்டிங் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நூறு கார்டு அடிக்க எந்த அச்சகத்திலும் அத்தாட்சி கேட்பதில்லை என்பது ஓட்டல்காரருக்கும் தெரியும். சம்பள ரசீதைக் காட்டச் சொன்னால், சம்பளத் தொகையை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கவுன்டரில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஏஜென்சி மூலம் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். வேலை ஒரு கம்பெனிக்கு, சம்பளம் போடுவது வேறொரு ஏஜென்சி. அட்டையில் ஏஜென்சியின் பெயர் இருக்கும், ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு ‘இது வேற கம்பெனியாச்சே’ என்பார். அவர் சொல்வது சரிதான். இதற்கு ஒரே வழி, ‘இவர் ஏஜென்சி வழியாக எங்களுக்கு வேலை செய்கிறார், எங்கள் விலை இவருக்கும் பொருந்தும்’ என்று கம்பெனியே எழுதித் தருவதுதான். கள வேலைக்கு இத்தனை பேரை ஏஜென்சி வழியாக எடுக்கிற நிர்வாகங்கள் இதைத் தாமாகவே செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

நம் ஊருக்கென்றே உள்ள இன்னொரு சிக்கல் இனிஷியல். ஆதாரில் ‘குமார் செல்வராஜ்’, கம்பெனி அட்டையில் ‘எஸ். குமார்’, புக்கிங்கில் ‘செல்வராஜ்’ மட்டும். மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் விடுதியின் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். வடக்கிலிருந்து நடத்தப்படும் புக்கிங் தளம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால் வருகிற வம்பு இது. புக் செய்யும்போது ஆதாரில் உள்ளபடி அப்படியே போடுங்கள்.

பில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். அச்சிட்ட கட்டணத்தை வைத்து வரி போடுவதில்லை, உண்மையில் வாங்குகிற தொகையை வைத்துத்தான் போடுகிறார்கள். இதனால் பெரிய ஊரில் கம்பெனி ரேட்டின் பலன் சில நேரம் பெருகிவிடும். சென்னையில் 8,000 ரூபாய் அறை 18 சதவீத வரியோடு 9,440 ஆகிறது. அதே அறை கம்பெனி ரேட்டில் 7,400 என்றால், 5 சதவீத வரியோடு 7,770. கழிவு 600 ரூபாய்தான், மிச்சமோ 1,670. விழுப்புரம், திண்டிவனம் விடுதிகளில் பொதுவாக அந்த எல்லைக்கே போக மாட்டோம், 5 சதவீதத்தோடு முடிந்துவிடும்.

பில்லில் கம்பெனியின் பெயரும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால்தான், கட்டிய வரியைக் கம்பெனி தன் கணக்கில் திரும்ப எடுக்க முடியும். இங்கே புதுச்சேரி கம்பெனிகள் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. தங்கும் அறை எந்த மாநில மண்ணில் இருக்கிறதோ, வரி அந்த மாநிலக் கணக்கில்தான் விழும். புதுச்சேரியில் ஆபீஸ் வைத்து விழுப்புரம், திண்டிவனம் பகுதியைப் பார்க்கிறவர், திண்டிவனத்தில் தங்கிவிட்டு 34-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால், அந்த வரியைக் கம்பெனியால் திரும்ப எடுக்க முடியாது. கம்பெனிக்குத் தமிழ்நாட்டிலும் பதிவு இருந்தால் 33-இல் தொடங்கும் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அரை மணி நேரப் பயணத்தில் மாநிலம் மாறுகிற பகுதி இது. கணக்குப் பிரிவில் கேட்டு இரண்டு எண்ணையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கு ஓட்டல் செலவுக்குப் பதவி நிலைப்படி உச்சவரம்பு உண்டு. 2017 ஜூலையில் வந்த ஆணைப்படி 6 முதல் 8 வரையுள்ள நிலைக்கு நாளுக்கு 750 ரூபாய், 9 முதல் 11 வரை 2,250 என்று அப்போது வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இது 25 சதவீதம் கூடும். சில ஓட்டல்கள் அரசு ஊழியருக்கென்று தனி விலை வைத்திருக்கின்றன. அதற்கு அரசு அடையாள அட்டையோடு பயண உத்தரவின் நகலையும் எடுத்துப் போவது நல்லது.

வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய வேறு கம்பெனியின் ரேட் கோடு எண்ணைப் போட்டு இன்டர்நெட்டில் புக் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இன்டர்நெட் கோடு எண்ணைக் கேட்கும், ஆளைக் கேட்காது. கவுன்டரில் ஆளைக் கேட்பார்கள். அன்றைய முழு விலையைக் கட்ட வேண்டிவரும், அந்தக் கம்பெனிக்கு ஓட்டலிடம் கெட்ட பெயர் வரும், கோடு கொடுத்த நண்பரின் வேலைக்கும் ஆபத்து. சொந்தப் பயணத்துக்கு உங்கள் கம்பெனியின் விலையையே பயன்படுத்தலாமா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில கம்பெனிகள் குடும்பத்தோடு போகவும் விடுகின்றன, சிலவற்றில் வேலைப் பயணத்துக்கு மட்டும்தான். கேட்டுவிட்டுப் போங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒப்பந்தம் உள்ள ஓட்டல்களுக்கு. திண்டிவனத்தில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் லாட்ஜில் கோடு, போர்ட்டல் எதுவும் கிடையாது. அங்கே பேச்சுதான், ஆனால் பேச்சுக்கும் ஆதாரம் வேண்டும். ‘கொஞ்சம் கம்மி பண்ணுங்க’ என்றால் ஐம்பது ரூபாய் குறையும். ‘மாசத்துக்கு நாலு ராத்திரி வருவேன், இது கம்பெனி லெட்டர், கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி பில் வேணும், என்ன ரேட் போடுவீங்க அண்ணே?’ என்று கேட்டால் அவர் யோசிப்பார். அறை காலியாகக் கிடக்கும் செவ்வாய், புதன் ராத்திரிகள் அவருக்கு நஷ்டம். ஒத்துக்கொண்டதும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: விலை எவ்வளவு, வரி உள்ளேயா வெளியேயா, ஏசி உண்டா, இன்னொருவர் சேர்ந்து தங்கினால் எவ்வளவு கூடும். ஆண்டு வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன லாட்ஜுக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் இருக்கலாம். அங்கே வரி கேட்கவும் கூடாது, வரி பில்லும் கிடைக்காது.

நேரத்தையும் கேளுங்கள். நம் பக்கத்துப் பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு. இரவு ஒன்பதுக்கு நுழைந்தால் மறுநாள் இரவு ஒன்பது வரை அறை உங்களுடையது. பெரிய ஓட்டல்களில் நீங்கள் எப்போது வந்தாலும் பகல் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். காலையில் டாக்டர்களைப் பார்த்துவிட்டு மதியம் வந்து குளித்துச் சாப்பிட்டு மாலை மறுபடி கிளம்புகிற ஆளுக்கு, கம்பெனி ரேட் உள்ள ஓட்டலைவிட அந்த 24 மணி நேர லாட்ஜ் லாபமாக இருக்கலாம். நான் விழுப்புரத்தில் இப்போதெல்லாம் அப்படித்தான் தங்குகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களை வெளியூருக்கு அனுப்பும் மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடையாள அட்டை வரும்வரை லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு ஓட்டல் கவுன்டரிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுங்கள்.