மைனஸ் ஆறைத் தாண்டினால்

கரிசல் காட்டில் கண் ஆஸ்பத்திரி என்றால் கண்புரைதான் நினைவுக்கு வரும். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாமுக்குத் தாத்தா பாட்டியைக் கூட்டிப்போய் லென்ஸ் வைத்து வருவது கோவில்பட்டி வட்டாரத்துக்கு இன்று பழகிப்போன காரியம். கண் நோய் வயசாளிகளுக்குத்தான் என்ற நினைப்பும் அப்படியே ஊன்றிவிட்டது. சோடாபுட்டி கண்ணாடி போட்ட இருபது வயதுக்காரரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை.

விழியின் நீளம் சாதாரணமாக 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர் மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 26-க்கு மேல் போய்விடும். விழி நீள நீள உள்ளே விழித்திரை இழுபட்டு மெலியும். ஓரத்தில் ஓட்டை விழலாம், பிரிந்தும் வரலாம். கண்ணழுத்த நோய்க்கும் வாய்ப்பு கூடுதல். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் சிகிச்சை கருவிழியைத்தான் செதுக்குகிறது. நீண்ட விழி நீண்டபடியே இருக்கும். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றிய பெண்களும் மாப்பிள்ளைகளும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை சொட்டுமருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

திடீரெனக் கண்ணுக்குள் கரும்பூச்சிகள் கூட்டமாகப் பறந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். வலி இருக்காது, அதனால்தான் தீப்பெட்டி ஆபீஸ் கூலி போகுமே என்று தள்ளிப்போடத் தோன்றுகிறது. ஓட்டையாக இருக்கும்போதே லேசரில் அடைத்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். பிரிந்துவிட்டால் ஆபரேஷன், நடுப்பகுதியும் பிரிந்திருந்தால் பழைய பார்வை முழுதாகக் கிடைப்பது கடினம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், தங்கள் சிகிச்சை அதில் வருமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் நிறைய. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் பவரைப் பார்ப்பதில்லை. சரியான கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/18 கூடத் தெரியாவிட்டால், அல்லது பார்வைப் பரப்பு மிகவும் சுருங்கியிருந்தால்தான் குறைபார்வை. மைனஸ் 12 போட்டும் 6/6 படிப்பவருக்குச் சான்று இல்லை; வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்றளித்தால், அரசு வேலையில் பார்வைக் குறைபாட்டுக்கான 1 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்கலாம்.

பெற்றோருக்குப் பவர் அதிகமென்றால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே கண்ணைச் சோதியுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் விளையாடவும் விடுங்கள். கரிசல் மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை, டியூஷன்தான் விட மாட்டேன் என்கிறது.