உங்களுக்குத் தெரியுமா? தக்கைக்குக் கீழே ஈயம் கூடாது!

இங்கிலாந்து ஆறுகளில் ரோச், சப் மீன்களுக்குத் தூண்டில் போடுபவர்கள், தக்கை நிமிர்ந்து நிற்க நரம்பில் மிளகளவுக் குண்டுகளைக் கவ்வ வைப்பார்கள். முன்பு அவை ஈயம். அறுந்து விழுந்த குண்டுகளை, தீனி அரைக்க உதவும் சரளை என்றெண்ணி அன்னங்கள் விழுங்கின. இரைப்பையில் தேய்ந்த ஈயம் ரத்தத்தில் ஏற, கழுத்துத் தசை தளர்ந்து, இரை இறங்காமல் மடிந்தன. அதனால் 0.06 முதல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக் குண்டுகளின் விற்பனை 1987இல் தடைசெய்யப்பட்டது.

மாற்று உலோகம் ஈயத்துக்கு ஈடாகாது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்துக்கு 7.3தான், குண்டு பெரிதாகும். ஆனால் இன்னொரு குண்டைச் சேர்த்தால் தக்கை சரியாக நிற்கும். டங்ஸ்டனோ ஈயத்தைவிடவும் கனம். மீன்பிடிப்பு தொடர்ந்தது, தேம்ஸில் அன்னங்களும் மீண்டும் பெருகின.