குத்து கையிலிருந்து வருவதில்லை!



மேச்சேரி என்றால் ஆடு. அதுபோல வடசென்னை என்றால் குத்துச்சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி கட்டி மோதிய ஊர் அது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார்.

கோடை லீவில் ராயபுரம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அக்கா போகும் குத்துச்சண்டை உடற்பயிற்சி வகுப்புக்கு நானும் ஒட்டிக்கொண்டேன். போனில் கேட்ட ஆயா, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்? மூக்கு ஒடஞ்சா என்னடி பண்ணுவ?" என்று ஒரே சத்தம்.

ஆயா பயந்ததில் நியாயம் இருக்கு. போட்டியில் தலையில் அடி வாங்குவது மூளைக்கு ஆபத்துதான். ஆனா இந்த வகுப்பில் யாரும் யாரையும் அடிப்பதே இல்லை. அடி வாங்குவதெல்லாம் தொங்குகிற மூட்டை மட்டும்தான்!

முதலில் கையில் நீளமான துணிப்பட்டையைச் சுற்றினார்கள். சுமார் நாலரை மீட்டர்! மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் மொட்டு எல்லாம் அசையாமல் இறுகிவிடும். கை எலும்புகள் சின்னச் சின்னதாக இருப்பதால் இந்தக் கட்டு அவசியம். மேலே கிளவுஸ். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடக்கூடாது, அடித்தால் அதுதான் முதலில் பிசகும். வெளியே மடித்து வைக்கணும்.

அப்புறம் ஸ்கிப்பிங். 3 நிமிடம் ஒரு ரவுண்டு, 1 நிமிடம் ஓய்வு. போட்டியிலும் இதே கணக்குதான். கேட்க சுலபம். எனக்கு ஒரு நிமிடத்திலேயே கெண்டைக்கால் கத்தியது.

அடுத்து நிற்பது. இடது கால் முன்னே, வலது கால் பின்னே, இரண்டு கையும் கன்னத்துக்குப் பக்கத்தில். சும்மா கையைத் தூக்கி நிற்பதுதானே என்று நினைக்காதீர்கள். தோள்பட்டை எரியும். "கைய எறக்காதம்மா" என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூட்டையை ஓங்கி ஒரு குத்து விட்டேன். அது அசையவே இல்லை. வாத்தியார் என் வலது குதிகாலைக் காட்டி, "இதத் திருப்பு" என்றார். பின்னங்கால் தரையை உந்தணும், குதிகால் திரும்பணும், இடுப்பு திரும்பணும், தோள் பின்னாலேயே வரணும். கை கடைசியில்தான். நம்ம ஊர்க் கெடாவைப் பாருங்க. கொம்பே கிடையாது. ஆனா பின்னுக்குப் போய், பின்னங்காலை ஊன்றி, மொத்த உடம்பையும் கொண்டுவந்து முட்டும். அதே கணக்குதான் இதுவும். அடுத்த குத்தில் மூட்டை ஆடிச்சு!

மூச்சும் முக்கியம். குத்தும்போது 'ஸ்' என்று விடணும். அடக்கி வைத்தால் சீக்கிரம் களைப்பு வந்துவிடும். டிவியில் வீரர்கள் சத்தம் போடுவது வீம்புக்கு என்று நினைத்திருந்தவர்கள் கவனிக்கவும்.

பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் 2012-ல் லண்டனில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதில் வெண்கலம் வாங்கிய மேரி கோம் அப்போதே இரண்டு பிள்ளைக்குத் தாய். 2021-ல் டோக்கியோவில் லவ்லினாவும் வெண்கலம் வாங்கினார். ஆயாவிடம் மேரி கோம் கதையைச் சொன்னேன். "ரெண்டு புள்ள பெத்தவளா!" என்று வாயில் கை வைத்தவர், அதுக்கப்புறம் மூக்கைப் பற்றிப் பேசவில்லை.

நம்ம பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் பசங்க மைதானத்தில் ஓடுவாங்க, நாம வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவோம். மூட்டையும் கிளவுஸும் இங்கே இல்லைதான். ஆனா ஸ்கிப்பிங்கும், நிற்கும் முறையும், காற்றில் குத்துவதும் காசில்லாமலே செய்யலாம். பி.டி. டீச்சரிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிட்டாங்க. என்னிடம் இரண்டு கயிறு இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, கொடிக்கம்பம் பக்கம். ஷூ இல்லாதவங்களும் வரலாம், அங்கே மண் தரைதான்.

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி