எழுத்தும் ஓசையும்: கொச்சி யூதர்களின் தொழுகைக்கூட இசைமரபு

முன்னுரை

தில்லையில் கிடைத்த ஏடுகளிலிருந்து நம்பியாண்டார் நம்பி தேவாரப் பதிகங்களைத் தொகுத்த பின்னரும் அவற்றுக்குரிய பண்கள் தெரியவில்லை என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரே பண்களை வகுத்தளித்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சொல் ஏட்டில் நின்றது. ஓசை பாடுவோரிடம் நின்றது. வழிபாட்டிசை எங்கும் எதிர்கொள்ளும் இச்சிக்கலைக் கொச்சி யூதர்களின் தொழுகைக்கூட இசையில் தெளிவாகக் காணலாம். அம்மரபில் எழுத்து எதைக் காத்தது, எதைக் காக்க இயலவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியிலிருந்து குரலுக்கு

எருசலேம் ஆலய வழிபாட்டில் யாழ், தாளம், ஊதுகொம்பு ஆகியவை இடம்பெற்றிருந்தன. கி.பி. 70-இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். அவ்விழப்பின் துயராலும், ஓய்வுநாளில் கருவி இசைத்தலை விலக்கும் சமய விதியாலும் தொழுகைக்கூட இசை குரலிசையாகவே வளர்ந்தது. புத்தாண்டு வழிபாட்டில் ஊதப்படும் ஆட்டுக்கடாக் கொம்பாகிய சோஃபார் இதற்கு விதிவிலக்கு. ஐரோப்பியச் சீர்திருத்தப் பிரிவினர் 19-ஆம் நூற்றாண்டில் ஆர்கன் கருவியைப் புகுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது.

கொச்சி யூதர்களின் தொன்மைச் சான்றாகிய செப்பேட்டில் இதற்கு மாறான ஒரு செய்தி உண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. பல்லக்கு, குடை முதலிய சிறப்புரிமைகளுடன் பறையும் ஊதுகொம்பும் அதில் இடம்பெறுகின்றன. இவை அரசு அளித்த சமூக மதிப்பின் அடையாளங்கள். ஓய்வுநாள் வழிபாட்டுக்கு உரியவை அல்ல. அங்குக் குரலே நிலைத்தது.

குறியும் மெட்டும்

தொழுகைக்கூட இசையின் அடித்தளம் தோரா ஓதுதலாகும். எபிரேய மறைநூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஓதற்குறிகளைத் திபேரியா நகர அறிஞர்கள் கி.பி. 10-ஆம் நூற்றாண்டளவில் வரையறுத்து முடித்தனர். தொடரின் நிறுத்தம், சொல்லின் அழுத்தம், இசையின் போக்கு ஆகிய மூன்றையும் அக்குறிகள் உணர்த்துகின்றன. எனினும், ஒரே குறியை ஏமன் நாட்டு யூதர் ஒருவகையிலும், செருமானிய யூதர் வேறொரு வகையிலும் இசைப்பர். குறி, இசையின் இடத்தைச் சுட்டுமேயன்றி அதன் மெட்டைத் தராது. மேலும், தொழுகைக்கூடத்தில் விரித்து ஓதப்படும் தோல்சுருளில் உயிர்க்குறிகளோ ஓதற்குறிகளோ எழுதப்படுவதில்லை. ஓதுபவர் அவற்றை முன்பே மனப்பாடம் செய்தல் வேண்டும். எனவே, எழுதப்பட்ட மறையை ஓதுவதும் ஆசிரியர் வாய்வழிக் கேட்டுக் கற்பதையே சார்ந்துள்ளது.

கொச்சியின் தனித்தன்மை

கொச்சி யூதர்கள் தம் வழிபாட்டு மரபைச் சிங்கிளி மரபு என்றனர். சிங்கிளி என்பது கொடுங்கல்லூரைக் குறிக்கும். ஏமன், பாக்தாத், ஸ்பெயின் ஆகிய இடங்களின் யூத மரபுகளும் இதில் கலந்தன. 1568-இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் உள்ளிட்ட கொச்சித் தொழுகைக்கூடங்களில், நடுக்கூடத்து ஓதுமேடையுடன் மாடத்திலும் இரண்டாவது ஓதுமேடை உண்டு. ஓய்வுநாளிலும் விழாக்களிலும் தோரா மாடத்திலிருந்தே ஓதப்பட்டது. பெண்கள் பகுதி அம்மேடையை அடுத்து, தடுப்புக்கு அப்பால் அமைந்திருந்தது.

ஆடவர் கேட்கப் பெண்கள் பாடுவதை யூத சமூகங்கள் பல விலக்கின. கொச்சியிலோ பெண்களும் எபிரேயம் கற்று, பியூட் எனப்படும் வழிபாட்டுப் பாடல்களை ஆடவருடன் சேர்ந்து உரக்கப் பாடினர். திருமணத்திலும் விழாக்களிலும் மலையாளப் பாடல்களையும் பாடினர். மறைநூல் கதைகள், மணமக்கள் வாழ்த்து, தொழுகைக்கூடங்கள் எழுந்த வரலாறு ஆகியவை அவற்றின் பொருள்கள். ஒருவர் குறிப்பேட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதிக்கொள்ள, பாடல்கள் தலைமுறைகளைக் கடந்தன. குறிப்பேடுகளில் சொற்கள் மட்டுமே இருந்தன. மெட்டு உடன் பாடுவோரிடம் கற்கப்பட்டது.

புலப்பெயர்வும் ஓசையும்

1950-களில் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் இசுரேலில் குடியேறினர். பத்து ஆடவர் கூடாத இடத்தில் கூட்டு வழிபாடு முழுமையாக நிகழாது என்பது யூத விதி. ஆகவே, ஒரு சிலரே எஞ்சிய கொச்சியில் தொழுகைக்கூட இசை ஓய்ந்தது. கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மர வேலைப்பாடுகள் எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. ஆனால், அருங்காட்சியகத்தில் ஓதுதல் நிகழ்வதில்லை.

இசுரேலிலும் இளையோர் மலையாளத்தை இழந்தபோது பெண்களின் பாடல்கள் அருகின. பார்பரா ஜான்சன் உள்ளிட்டோர் குறிப்பேடுகளைத் திரட்டியதுடன் மூத்த பெண்கள் பாடியதையும் பதிவு செய்தனர். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த பாடல் தொகுப்பு ‘கார்குழலி’ என்னும் பெயருடையது. எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-இல் ஒலிப்பதிவுகளைக் குறுந்தகடாக வெளியிட்டது. சொற்கள் கிடைத்தும் மெட்டு நினைவில் எஞ்சாத பாடல்களும் உள்ளன. பதிப்பாசிரியரின் உழைப்பால் அவற்றை நிறைவு செய்ய இயலாது.

முடிவுரை

ஏ. ஸி. இடெல்சோன் 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக யூத இசையைத் தொகுத்தபோது, நாடுதோறும் சிதறிய யூதர்களின் ஓதல் முறைகளைக் கேட்டுப் பதிந்தார். கொச்சி மரபு அத்தகைய பணிக்கு ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறது. தொழுகைக்கூட இசையை ஆடவர் ஓதும் எபிரேயம் என்று மட்டும் வரையறுத்தால், மாடத்திலிருந்து எழுந்த பெண்குரலும் மலையாளப் பாடல்களும் வரலாற்றிலிருந்து விடுபடும். ஏடு, குறி, கட்டடம் ஆகியவை இசையின் துணைகள். இசையை நிலைபெறச் செய்வது பாடும் கூட்டமே. பாடுவோர் வாழும் காலத்திலேயே சொல்லுடன் மெட்டையும் பதிவுசெய்தல் வேண்டும் என்பது தமிழ் வாய்மொழிப் பாடல்களைத் தொகுப்போருக்கும் பொருந்தும் முடிவாகும்.