திங்கள்கிழமை இல்லாத வாரம்

எங்கள் கல்லூரியின் கால அட்டவணையில் திங்களும் செவ்வாயும் கிடையாது. முதல் டே ஆர்டர், இரண்டாம் டே ஆர்டர் என்று ஆறு வரை போகும். இடையில் விடுமுறை வந்தால் நாள்தான் போகும், டே ஆர்டர் போகாது. மறுநாள் அதுவே நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது தோதான ஏற்பாடு. தமிழ்நாட்டு விடுமுறைகள் போக, ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சிவாலய ஓட்டம் நடக்கும் சிவராத்திரி, 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 என்று எங்களுக்கு உள்ளூர் விடுமுறைகள் அதிகம். மழை விடுமுறை தனிக்கணக்கு. கிழமைக் கணக்கில் பாடம் வைத்தால் ஏதாவது ஒரு வகுப்பு வருஷம் முழுக்கப் பட்டினி கிடக்கும்.

மார்த்தாண்டம் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நான் தமிழ்ப் பேராசிரியை. ‘டீச்சருக்கு என்ன, ஒரு நாளைக்கு மூணு மணிக்கூர் பாடம், பெறவு வீடு’ என்பது ஊரார் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை வாரம் 40 மணி நேரம் வேலை என்கிறது. அதில் உதவிப் பேராசிரியர் வகுப்பில் நிற்க வேண்டியது 16 மணி நேரம், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14. மீதி நேரம் வெளியே தெரியாது. தெரியாததால் இல்லையென்று ஆகிவிடுகிறது.

தமிழ்த்துறைக்கு ஒரு பாக்கியம் உண்டு. இளங்கலைப் படிப்பின் பகுதி ஒன்றில் தமிழ் பாடம் என்பதால் வேதியியல், வணிகவியல், கணிதம் என எல்லாத் துறைப் பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். இந்தப் பக்கம் மலையாளம் எடுத்து அந்த நேரத்தில் பக்கத்து அறைக்குப் போகிறவர்களும் உண்டு. காலை முதல் பீரியடில் கடைசி பெஞ்சு தூங்கும். எழுப்பிக் கேட்டால், ‘மூணு மணிக்கே எழும்பி அப்பாகூட பால் வெட்டப் போனேன் மிஸ்’ என்பான் ஒருவன். ரப்பர் பாலைத்தான் சொல்கிறான். விடியுமுன் வெட்டினால்தான் நன்றாக ஊறும். மழை நாளில் வெட்டு இல்லை, ஆகவே மழை நாளில் என் வகுப்பு நன்றாக விழித்திருக்கும். சங்கப் பாடல்களை நான் மழைக்கென்று ஒதுக்கி வைப்பதுண்டு. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாது.

வாரத்தின் உண்மையான பாரம் அசைன்மென்ட். அக மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், செமஸ்டர் தேர்வுக்கு 75. அந்த இருபத்தைந்தில் ஒரு பங்குக்காகப் பிள்ளைகள் எழுதித் தரும் தாள்களை நான் வீட்டுக்குச் சுமந்து போகிறேன். ‘உங்கள் ஊரில் காற்றுக்கு என்ன பேர்’ என்று ஒருமுறை எழுதச் சொன்னேன். மலையோரப் பிள்ளைகள் அரைப்பக்கத்தில் நின்றார்கள். கடலோர இனயத்திலிருந்து வரும் மாணவி வாடை, கச்சான், கொண்டல் என்று தொடங்கி, எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பது வரை நான்கு பக்கம் எழுதியிருந்தாள். இப்படி ஒரு தாளைப் படிக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைத்தான் கோப்புகள் தின்கின்றன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் ஏழு அளவுகோல்களுக்கும் சான்று சேர்க்க வேண்டும். கூட்டம் நடத்தினால் இடம், நேரம் பதிந்த புகைப்படம், வருகைப் பட்டியல், அறிக்கை. பாடம் நடத்துவதைவிட நடத்தினேன் என்று நிரூபிப்பது நீண்ட வேலையாகிவிட்டது.

எங்களை இணைத்திருக்கும் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் தொடங்கப்பட்டது. அவரும் வாத்தியார்தான். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்துக்கொண்டே 1891-இல் ‘மனோன்மணியம்’ நாடகத்தை வெளியிட்டார். தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்ததுதான். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார், ஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்தார். 1897-இல் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. இன்று அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தால் கல்வெட்டுக் கட்டுரைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் அடங்கும். நாடகத்தை எங்கே போடுவது என்று குழு திணறும்.

இதையெல்லாம் நான் அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன். சுயநிதிப் பிரிவில் இருப்பவர்கள் இதே பாடத்தை, இதே கோப்புகளை, என் சம்பளத்தில் சிறு பங்குக்குச் செய்கிறார்கள். அவர்கள் குறை சொன்னால் கேட்க ஆளில்லை.

காற்றுப் பெயர்களை எழுதிய மாணவி இப்போது முதுகலை முடித்து, கடலோரச் சொற்களில் என்னிடம் ஆய்வு செய்கிறாள். மீனவர்களைக் கரையில் பிடிப்பதுதான் பாடு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அவர்கள் ஓய்வாகப் பேசக் கிடைக்கும் மாதங்கள் அவைதான். எனக்கோ அதே ஜூனில் அட்மிஷன், ஜூலையில் புது வகுப்புகள். அதனால் நாங்கள் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் போவது ஞாயிறு பூசை முடிந்த பிறகு. அந்த நேரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை, டே ஆர்டரும் இல்லை.