பூனைக்குப் பாசம் தெரியுமா?



சென்ற வருடம் ஒரு நாள் எட்டாம் தரத்தில் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். மணி அடிக்கும் நேரம். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “மௌலவி, எங்கட பூனை நாலு குட்டி போட்டிருக்கு. குட்டிகளச் சந்தையடியில விட்டுட்டு வரச் சொல்றாங்க. தாய்ப் பூனைக்குக் கவலை வருமா?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. ‘பூனைக்கு என்ன தெரியும்?’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் சிரிக்கவில்லை. உடனே பதில் சொல்லவும் என்னால் முடியவில்லை. ஏனென்றால், அந்தக் கேள்விக்குரிய விடையை நான் கிதாபுகளில் படிப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே என் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் விளங்காமல் இருந்தேன்.

அக்கரையில் விட்ட குட்டிகள்

எனக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். கிண்ணியாவில் அந்நாளில் பாலம் இல்லை. இன்று நாம் ஐந்து நிமிடத்தில் கடந்து போகும் பாலம் 2009ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் திருகோணமலைக்குப் போக வேண்டுமானால் துறையடியில் ‘பாதை’ வரும்வரை காத்திருந்து, அதில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். வேண்டாத பூனைக் குட்டிகளை அந்தப் பாதையில் ஏற்றி அக்கரையில் விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீரைத் தாண்டினால் பூனை திரும்பி வராது என்பது பெரியவர்களின் கணக்கு.

எங்கள் வீட்டுப் பூனை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. குட்டிகள் கண் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னபடி நான் அவற்றை உரப்பையொன்றில் போட்டு, பாதையேறி, அக்கரையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தேன். கையில் கிடைத்த சில்லறைக்கு இனிப்பும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் தாய்ப் பூனை மூட்டைக்குப் பின்னால் போய் முகர்ந்து பார்த்தது. கூப்பிட்டது. குசினிக்குள் போனது, கிணற்றடிக்குப் போனது, கூரையில் ஏறியது, மீண்டும் மூட்டைக்குப் பின்னாலேயே வந்து நின்றது. பால் கட்டி அதன் மடி வீங்கியிருந்தது. திண்ணையில் இருந்த என்னிடம் வந்து என் கைகளை முகர்ந்தது. குட்டிகளின் வாடை இன்னும் அங்கே இருந்திருக்க வேண்டும். என் விரல்களை நக்கத் தொடங்கியது.

இரண்டு இரவுகள் அது கூப்பிட்டுக் கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் என் உம்மாவால் பொறுக்க முடியவில்லை. “அதுட புள்ளைகள எங்கடா வெச்ச? வா, போய் எடுத்துட்டு வருவம்” என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு துறையடிக்கு நடந்தார். அக்கரையில் குட்டிகள் இல்லை. கடைக்காரர் கையை விரித்தார். திரும்பி வரும்போது உம்மா என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“இதன் குஞ்சை எடுத்தது யார்?”

பிற்காலத்தில் அரபுக் கல்லூரியில் ஓதிக் கொண்டிருந்தபோது, அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வந்தது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக் கொண்டார்கள். தாய்ப் பறவை வந்து தாழப் பறந்து சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்ததும், குஞ்சுகளைப் பிரித்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டார்கள். குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள்.

உஸ்தாத் அடுத்த ஹதீஸுக்குப் போய்விட்டார். என் மனம் துறையடியிலேயே நின்றுவிட்டது. அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்தப் பறவையின் சிறகடிப்பை வெறும் ஓசையாக எடுத்துக் கொள்ளவில்லை. ஒரு தாயின் துயரமாகவே எடுத்துக் கொண்டார்கள்.

இன்னொரு ஹதீஸ் இதைவிடத் தெளிவானது. அல்லாஹ் ரஹ்மத்தை நூறு பங்குகளாக்கினான். தொண்ணூற்றொன்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒரு பங்கை மட்டும் பூமிக்கு இறக்கினான். படைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று இரக்கம் காட்டுவது அந்த ஒரு பங்கிலிருந்துதான். தன் குட்டி மிதிபட்டுவிடுமோ என்று குதிரை தன் குளம்பைத் தூக்கிக் கொள்வதும் அதிலிருந்துதான். இந்தக் கருத்துடைய ஹதீஸை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, சற்று நிதானித்துப் பாருங்கள். உங்கள் குழந்தை இரவில் சிணுங்கினால் உங்களை எழுப்பிவிடுகிற அந்த இரக்கமும், நெல் மூட்டைக்குப் பின்னால் குட்டிகளை நக்கிக் கொடுக்கிற பூனையின் இரக்கமும் ஒரே பங்கிலிருந்து வந்தவை. ‘அதற்கு என்ன தெரியும்?’ என்று இனி நாம் எப்படிச் சொல்வது?

இந்த ஹதீஸை அறிவித்தவரின் பெயரே ஒரு பூனைக்குட்டியால் வந்தது. ஆடு மேய்க்கும் காலத்தில் ஒரு பூனைக்குட்டியை வைத்து விளையாடிக் கொண்டிருந்ததால் அவருக்கு அபூஹுரைரா என்ற பெயர் ஏற்பட்டதாகத் திர்மிதீயில் வருகிறது.

விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்?

மார்க்கத்துக்குச் சான்று தேடி நான் விஞ்ஞானத்திடம் போகவில்லை. ஆனாலும் அல்லாஹ்வின் படைப்பை ஆராய்ந்தவர்கள் கண்டதைத் தெரிந்து கொள்வது நல்லது.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பழக்கமில்லாத ஓர் அறையில் குட்டி தன்னை வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு அவர் வெளியே போய்விட, குட்டி இரண்டு நிமிடம் தனித்திருக்கும். பிறகு அவர் திரும்பி வருவார். கிட்டத்தட்ட 64 வீதமான குட்டிகள் அவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்து போய், மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. மனிதக் குழந்தைகள் தாயை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை அளக்கவும் இதைப் போன்ற ஒரு சோதனையைத்தான் நடத்துகிறார்கள். அங்கும் ஏறக்குறைய இதே அளவுதான் வருகிறது. பூனை வீட்டைத்தான் நேசிக்கும், ஆளை நேசிக்காது என்ற பழைய பேச்சு இதனால் ஆட்டம் கண்டது.

2015இல் ஜப்பானின் அஸபு பல்கலைக்கழகத்தார் நாய்களை ஆராய்ந்தார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் நீண்ட நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தபோது, இருவரின் உடலிலும் ஒக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடியிருந்தது. தாய் பிள்ளைக்குப் பாலூட்டும்போது சுரப்பதும் இதுவேதான்.

ஒக்ஸிடோசின் என்ற பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அதன் வேலையைக் கிண்ணியாவில் பட்டி வைத்திருக்கும் எவரும் அறிவார்கள். நம் ஊர்த் தயிர்ச் சட்டி வெளியூர்களுக்கும் போகிறது. அந்தச் சட்டிக்குப் பால் தரும் எருமை, கன்று வந்து மடியில் முட்டினால்தான் பாலை இறக்கும். அடித்தாலோ, அதட்டினாலோ, புதிய ஆள் வந்து நின்றாலோ மடி நிறையப் பாலிருந்தும் இறக்காது. கன்றின் தொடுகையால் ஒக்ஸிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடுகிறது. பாசத்தையும் பயத்தையும் ஒவ்வொரு காலையிலும் நாம் பாலாக அளந்து கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கே நாம் தவறாக விளங்குகிறோம்?

உணர்வு இருக்கிறது என்பதற்காக மனிதனின் எல்லாக் குணங்களையும் பிராணியின் மேல் ஏற்றிவிடவும் கூடாது. பயம், கோபம், பாசம், பிரிவின் தவிப்பு, விளையாட்டின் மகிழ்ச்சி ஆகியவை அவற்றுக்கு உண்டு. வஞ்சம், வெட்கம், குற்ற உணர்வு ஆகியவை வேறு விடயம்.

மெத்தையில் பூனை சிறுநீர் கழித்துவிட்டால், ‘நேற்று அடித்ததற்குப் பழி வாங்குகிறது’ என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது சிறுநீர்ப் பை நோயாகவோ, வீட்டுக்குப் புதிதாக வந்த எதையாவது கண்ட பயமாகவோ இருக்கும். அடி அதைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், திட்டு வாங்கிய நாய்கள் எந்தத் தவறும் செய்யாதபோதும் ‘குற்றவாளி முகம்’ காட்டின. நாம் குற்ற உணர்வு என்று நினைத்தது நம் கோபத்தைக் கண்ட அச்சம்.

பூனை ‘குர்ர்’ என்று ஓசை எழுப்பினால் அது சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். நோயுற்ற பூனையும், காயப்பட்ட பூனையும் அப்படி ஓசை எழுப்புவதுண்டு. உண்ணாமல் ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் வேதனை என்று விளங்கிக் கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் வாழும் பிராணி நம் கையில் தரப்பட்ட அமானிதம். பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் தெரியும். நாயின் எச்சில் பற்றிய சட்டம் வேறு. நாயின் தாகம் பற்றிய சட்டம் வேறு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பூனையைப் பொறுத்தவரை மார்க்கம் இன்னும் இலகுவானது. கப்ஷா (ரழி) அவர்கள் மாமனார் அபூகதாதா (ரழி) அவர்களின் வுழூவுக்குத் தண்ணீர் வைத்தார்கள். ஒரு பூனை குடிக்க வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அபூகதாதா (ரழி) அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வளைய வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார்கள்.

குட்டிகளை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் பிரச்சினை. இரண்டு மாதமாவது தாயிடம் இருக்க விடுங்கள். அதற்கு முன் அவற்றுக்குத் தாமாக உண்டு பிழைக்கத் தெரியாது. பிறகு வளர்க்க விரும்பும் வீடு பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சந்தையடியில் விடுவது கொடுப்பது ஆகாது. குட்டிகள் பெருகாமல் தடுக்க மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்யும் வசதி இன்று உண்டு. தேவையிருந்து, தீங்கில்லாத முறையில் செய்வதை ஆகுமாக்கும் உலமாக்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கென்று வாங்கிய ஆடு சில வாரங்களில் பிள்ளைகளின் கையால் தின்னப் பழகிவிடும். அதன் கண் முன்னே கத்தி தீட்டியவரை, அதை இரண்டு முறை கொல்லப் பார்க்கிறீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாபிஈ மத்ஹப் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) பிராணிகளின் உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, கிழடாகி, நோயுற்று, பயன் தராமல் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்றும், அதன் குட்டியை அது பார்த்திருக்க அறுக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். பார்க்கும் தாய்க்கு நோகும் என்று தெரிந்ததால்தான் அப்படி எழுதினார்கள்.

இறுதியாக, வளர்த்த பிராணி இறந்து பிள்ளை அழுதால், ‘ஒரு பூனைக்காகவா அழுகிறாய்?’ என்று கேட்காதீர்கள். உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் சின்ன மகன் அபூஉமைர் தன் குருவி இறந்த துக்கத்தில் இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியின் பெயரைச் சொல்லியே அவரிடம் அன்போடு பேசினார்கள். ஒரு சமுதாயத்தையே சுமந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் குருவிக்கும் நேரம் இருந்தது.

அந்த மாணவிக்கு மறுநாள் வகுப்பில் பதில் சொன்னேன். துறையடிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் வந்து, இரண்டு குட்டிகளை உறவினர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும், மற்ற இரண்டும் தாயோடு வீட்டிலேயே இருப்பதாகவும் சொன்னாள். “வாப்பாதான் இப்ப அதுகளுக்கு மீன் தலை கொண்டு வாறார் மௌலவி” என்றாள்.

பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் நான் அக்கரையைப் பார்க்கிறேன். அந்தத் தேத்தண்ணிக் கடை இப்போது இல்லை. என் விரல்களை நக்கிய அந்த நாக்கின் சொரசொரப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! நம் வீடுகளை, வாயில்லா ஜீவன்களும் நிம்மதியாகப் படுத்துறங்கும் வீடுகளாக ஆக்குவானாக! ஆமீன்.